வெயிலடித்தால் வெள்ளம் வரும் ஆறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பேப்பரில் நான் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டம். பாபநாசம் 143 அடியில் எத்தனை, மணிமுத்தாறு 118 அடியில் எத்தனை என்று பார்த்த பிறகுதான் மற்ற செய்திக்குப் போவேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் வைத்திருக்கிறவனுக்கு வேறு என்ன பெரிய செய்தி இருக்க முடியும். அதனால் குற்றம் கண்டுபிடிக்கிறதுக்கென்றே எழுதுகிற ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

போன வாரம் மாணவர் பக்கத்தில் ஒரு கேள்வி பதில் போட்டிருந்தீர்கள். வற்றாத நதி என்றால் என்ன என்பது கேள்வி. வருடம் முழுவதும் ஒரே சீராக நீர் ஓடுவது, இமயமலையில் பனி இருப்பதால் அங்குள்ள ஆறுகள் எப்போதும் நிறைந்தே ஓடும், தெற்கே தாமிரபரணியும் அப்படித்தான் என்பது பதில். எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அதை அப்படியே பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கி வந்து என்னிடம் நீட்டினாள். "ஒரே சீராக ஓடாதுட்டி" என்று சொன்னேன். "பேப்பர்லயே போட்டிருக்கு தாத்தா" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அச்சில் வந்ததை ஒரு கிழவன் பேச்சு என்ன செய்யும். அதனால்தான் அச்சிலேயே ஏறுமா என்று பார்க்கிறேன்.

நான் ராணுவத்தில் லாரி ஓட்டினவன். 96, 97 ஆகிய இரண்டு வருஷமும் கோடைக்காலத்தில் லடாக்கில் இருக்கிற லே-யிலிருந்து நூப்ரா பள்ளத்தாக்குக்கு சாமான் ஏற்றிப் போனேன். லே-யை விட்டு ஏறினால் சவுத் புல்லு, அப்புறம் கர்துங் லா கணவாய், அந்தப் பக்கம் இறங்கினால் நார்த் புல்லு, கர்துங் கிராமம், கல்சர். கணவாயின் உச்சியில் 18,380 அடி என்று பலகை வைத்திருந்தார்கள், அதன் கீழே நின்று போட்டோ எடுக்காத பட்டாளத்தான் கிடையாது. பின்னால் சரியாக அளந்தபோது சுமார் 17,580 அடிதான் வந்தது என்கிறார்கள். போட்டோ என்னவோ இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது.

கல்சரைத் தாண்டிப் பாலத்தைக் கடந்து திரித், சுமூர், பனாமிக், சசோமா, வார்ஷி என்று வடக்கே போய்க்கொண்டே இருந்தால் பாதை முடிகிற இடத்தில் சியாச்சின் பனியாறு. அதன் அடியிலிருந்துதான் நூப்ரா ஆறு புறப்படுகிறது. பனியாறு என்றே எழுதுகிறேன், நீங்கள் பனிப்பாறை என்று எழுதுகிறீர்கள். பாறை இருந்த இடத்தில் இருக்கும், இது நகரும். வருஷா வருஷம் விழுகிற பனி ஒன்றின்மேல் ஒன்று அழுந்திக் கட்டியாகி, தன் கனத்தாலேயே சரிவில் மெள்ள இறங்குகிறது, சாய்த்து வைத்த தட்டில் கருப்பட்டிப் பாகு இறங்குகிற மாதிரி. சியாச்சின் நீளம் சுமார் 75 கிலோமீட்டர். ஒரு முனையை பாபநாசத்தில் வைத்து ஆற்றோடு நீட்டினால் மறுமுனை ஸ்ரீவைகுண்டம் பக்கம் வந்து நிற்கும். நம்ம தாமிரபரணி முழுசுக்கும் சேர்த்தே 128 கிலோமீட்டர்தான் என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பனியாறு என்றதும் நானும் வெள்ளை வெளேரென்று இருக்கும் என்றுதான் நினைத்துப் போனேன். கடைசி முனையில் சூளை இடிந்து கிடக்கிற மாதிரி கறுத்துப்போய்க் கிடந்தது. மேலெல்லாம் கல்லும் புழுதியும், இடையிடையே வெடிப்பில் மட்டும் பச்சை கலந்த நீலமாக ஐஸ் தெரியும். அடியில் ஒரு குகை மாதிரி வாய், அதற்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் இரைந்துகொண்டு வரும். சியாச்சின் என்றால் அந்தப் பக்கத்து பால்ட்டி பாஷையில் காட்டு ரோஜா மண்டின இடம் என்று அர்த்தமாம். பனியாற்றைப் பார்த்தால் நம்ப முடியாது, ஆனால் ஜூன் மாசம் கீழே பள்ளத்தாக்கில் வந்து பார்த்தால் முள்ளுப்புதர் பூராவும் ரோஜா நிறத்தில் பூத்துக் கிடக்கும்.

அந்தத் தண்ணீரை ஒரு நாள் சாயங்காலம் மக்கில் மோந்து வைத்தேன். கழனித்தண்ணி மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் அடியில் வண்டல் படிந்திருந்தது, மேலே இன்னும் கலங்கல்தான். வண்டலைத் தொட்டுத் தேய்த்தால் மணல் நறநறப்பே இல்லை, கோலமாவை விட நைசு, முகத்துக்குப் போடுகிற பவுடர் போல விரல் ரேகைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. பனியாறு நகரும்போது அடியில் அகப்பட்ட பாறையை அரைத்து அரைத்து எடுத்த மாவு அது. அம்மியும் குழவியும் ஒரு மலை அளவில் இருந்தால் என்ன மாவு வரும், அந்த மாவு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆறு சீராக ஓடுமா?

மழையை வைத்து அந்த ஆற்றைக் கணக்குப் போடவே முடியாது. லே-யில் வருஷத்துக்குச் சுமார் 10 செ.மீ. மழைதான். 2023 டிசம்பரில் நம்ம காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அது லே-க்கு ஒன்பது வருஷ மழை. அங்கே ஆற்றுக்கு எஜமான் சூரியன். வெயில் சுள்ளென்று அடித்தால் மேலே உருகும், உருகினால் ஆறு பெருகும். இரண்டு நாள் மேகம் மூடினால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். நம்ம ஊரில் மேற்கே மலை இருட்டினால் ஆற்றில் துணி துவைக்கிறவர்கள் கரையேறுவார்கள், அங்கே வானம் பளிச்சென்று இருந்தால்தான் பயம். இதை ஊரில் டீக்கடையில் சொன்னபோது, "அண்ணாச்சி, வெயிலடிச்சா வெள்ளம் வருமாக்கும், நல்லாத்தான் கதை விடுதீய" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும், நானும் அங்கே போகிறவரை சிரித்திருப்பேன்.

முதல் வருஷம் ஜூலையில் ஒரு நாள். வழியில் லாரி மக்கர் பண்ணியதால் கான்வாயை விட்டுப் பின்தங்கி, நாங்கள் இரண்டு வண்டி மட்டும் மத்தியானம் மூன்று மணி வாக்கில் ஒரு நாலாவின் கரைக்கு வந்தோம். நாலா என்றால் பக்கத்து மலையிலிருந்து வந்து பாதையைக் குறுக்கே வெட்டிப் போகிற ஓடை. காலையில் போன வண்டியெல்லாம் சக்கரம் பாதிகூட நனையாமல் கடந்த இடம் அது. இப்போது இடுப்பு ஆழத்துக்குமேல், காப்பி நிறத்தில் சுழித்துக்கொண்டு போகிறது. உள்ளே கல் உருளுகிற சத்தம் கேட்கும், பரண்மேல் யாரோ தேங்காயை உருட்டி விளையாடுகிற மாதிரி கடகடவென்று. எனக்கு அப்போது இளரத்தம், முதல் கியரில் போட்டு ஏறிவிடலாம் என்றேன். என்னோடு வந்த பஞ்சாபி உஸ்தாத் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டார். டீ குடித்தோம், சப்பாத்தி சாப்பிட்டோம், வண்டியிலேயே படுத்தோம். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் முந்தின நாள் சாயங்காலம் லாரியைப் புரட்டியிருக்கக்கூடிய தண்ணீர் என் பூட்ஸ் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை, எந்த அணையையும் மூடவில்லை, ராத்திரி குளிரில் மேலே உருகுவது நின்றுவிட்டது, அவ்வளவுதான். அதற்கப்புறம் என் சர்வீஸ் முடிகிற வரைக்கும் நாலா கடக்கிற வேலையை மத்தியானத்துக்கு மிச்சம் வைத்ததில்லை.

தினமும் இப்படி ஏறி இறங்குகிற ஆற்றைத்தான் ஒரே சீராக என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கே இந்தக் கதி என்றால் வருஷக் கணக்கு இன்னும் மோசம். ஜூலை, ஆகஸ்டில் கரை தெரியாமல் போகிற நூப்ரா, அக்டோபரில் சாம்பல் நிறமெல்லாம் போய்த் தெளிந்து ஒடுங்கிவிடும். குளிர்காலத்தில் ஓரமெல்லாம் உறைந்து நடுவில் நாலைந்து வாய்க்காலாகப் போகும். வற்றாது, அது சரி. ஆனால் வற்றாது என்பதும் நிறைந்தே ஓடும் என்பதும் ஒன்றா?

பள்ளத்தாக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொதிகை உச்சி 1,868 மீட்டர். நூப்ரா ஆறு ஓடுகிற தரையே 3,000 மீட்டருக்கு மேல். அதாவது பொதிகையைக் கொண்டுபோய் அங்கே கடல் மட்டத்தில் ஊன்றினாலும் உச்சி மண்ணுக்கு வெளியே தெரியாது. இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை, நடுவில் கிலோமீட்டர் கணக்கில் தட்டையான அடி, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற கல்தொட்டி மாதிரி. ஒரு காலத்தில் பனியாறு இன்னும் கீழே வரைக்கும் வந்து வழித்தெடுத்த பள்ளம் அது, பின்னால் கல்லும் மணலும் வந்து அடியை நிரப்பிவிட்டது. தண்ணீர் மட்டும் அறுத்த பள்ளத்தாக்கு குறுகலாகக் கீழ்நோக்கிக் கூராக இருக்கும், பாணதீர்த்த அருவிக்கு மேலே பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தட்டையான அடியில் ஆற்றுக்குத் தனக்கென்று ஒரு பாதை கிடையாது. அவிழ்த்துப்போட்ட சடை மாதிரி பத்துப் பிரிவாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து ஓடும். சுமந்துவந்த கல்லையும் மண்ணையும் ஒரு பிரிவில் போட்டு அதை அடைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பும். நேற்றைய ஆறு இன்று மணல்திட்டு.

அதனால் அங்கே ஆற்றங்கரையில் ஊர் இல்லை. நான் இதைக் கவனிப்பதற்கே ஒரு வருஷம் ஆயிற்று. நமக்கு ஆறு என்றால் படித்துறை, கல்மண்டபம், கோயில். குறுக்குத்துறையில் முருகனையே ஆற்றுக்குள் உட்கார வைத்திருக்கிறோம், வெள்ளம் வந்தால் கோயில் எவ்வளவு முங்கியது என்பதை வைத்துத்தான் 1992-க்கும் 2023-க்கும் கணக்குப் பேசுகிறோம். அங்கே சுமூர், பனாமிக், திஸ்கித், ஹுந்தர் எல்லா ஊரும் பெரிய ஆற்றை விட்டு ஒதுங்கி, பக்கத்து ஓடை மலையிலிருந்து இறங்குகிற வாயில், அந்த ஓடை விசிறி மாதிரி பரப்பிப் போட்ட மண்மேட்டில் இருக்கின்றன. குடிக்கவும் பாசனத்துக்கும் அந்த ஓடைத் தண்ணீர்தான். இத்தனை பெரிய நூப்ரா பக்கத்திலேயே போகிறது, கோதுமைக்கும் பார்லிக்கும் ஆப்ரிகாட் மரத்துக்கும் அதில் ஒரு குடம் எடுக்க மாட்டார்கள். தாழ்ந்து கிடக்கிறது, இடம் மாறுகிறது, கலங்கல் வேறு. ஓடையிலிருந்து சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டியிருப்பார்கள், யூரா என்று பெயர். யார் வயலுக்கு எப்போது திருப்புவது என்று பார்க்க ஊர்ப்பொதுவில் ஒருவர் உண்டு, சுர்ப்போன் என்பார்கள். நம்ம நீர்பாய்ச்சிதான், மண்வெட்டி பிடிக்கிற லாவகம்கூட அப்படியே இருந்தது. அவரிடம் நம்ம ஊரில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றுக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டு இருக்கிறது, நேராகப் பெரிய ஆற்றிலிருந்தே வயலுக்குத் தண்ணீர் எடுக்கிறோம் என்று பாதி இந்தியிலும் பாதி சைகையிலும் சொன்னேன். ஆறு அவ்வளவு சாதுவா என்று கேட்டார்.

அங்கே ஒரே போகம்தான். நம்ம ஊர் மாதிரி காரும் பிசானமுமாக இரண்டு போகம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அந்த ஒரு போகத்துக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. விதைப்பது ஏப்ரல், மே. மேலே பனியாறு நன்றாக உருகத் தொடங்குவது ஜூனுக்கு அப்புறம். நாற்றுக்குத் தண்ணீர் வேண்டிய நேரத்தில் ஓடை நூலாக இருக்கும். இதற்கு லடாக்கில் செவாங் நோர்பெல் என்கிற பொறியாளர் ஒரு வழி கண்டார், 2015-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வீணாக ஓடுகிற ஓடைத் தண்ணீரை, ஊருக்குச் சற்று மேலே, வெயில் படாத மலைச்சரிவில் சிறு சிறு கல்கரை கட்டித் தேக்கி உறைய விட்டுவிடுவது. உயரத்தில் இருக்கிற நிஜப் பனியாற்றை விட இது ஊருக்குப் பக்கத்தில், தாழ்வில் இருப்பதால் சீக்கிரம் உருகி விதைப்புக்குத் தண்ணீர் தரும். குளம் வெட்டிப் பழகின நமக்கு இது உடனே புரியும், அவர்கள் ஐஸால் குளம் பெருக்குகிறார்கள்.

ஹுந்தர் பக்கம் மணல்மேடு உண்டு, இரட்டைத் திமில் ஒட்டகம் உண்டு, இப்போது அதற்கென்றே ஜனங்கள் ப்ளைட் பிடித்துப் போகிறார்கள். அதைப் பாலைவனம் என்று உங்கள் சுற்றுலா பக்கத்தில் ஒரு தடவை எழுதியிருந்தார்கள். அதுவும் ஆற்றின் வேலைதான். தண்ணீர் இறங்கினதும் காய்ந்து கிடக்கிற வண்டலையும் மணலையும் மத்தியானக் காற்று வாரிக் குவிக்கிறது. சாத்தான்குளம் தேரிக்காட்டில் நடந்தவர்களுக்கு அந்த நடை பழக்கம்தான், சிவப்புக்குப் பதில் சாம்பல், அவ்வளவே வித்தியாசம்.

நூப்ரா திஸ்கித் பக்கம் ஷ்யோக் ஆற்றில் சேருகிறது. ஷ்யோக் ரிமோ பனியாற்றில் பிறந்து முதலில் தென்கிழக்காகப் போய், பிறகு எதையோ மறந்துவிட்ட ஆள் மாதிரி ஒரே திருப்பாக வடமேற்கே திரும்பி, துர்துக் தாண்டி எல்லைக் கோட்டுக்கு அந்தப்புறம் போய் சிந்துவில் கலக்கிறது. சாவு ஆறு என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்வார்கள். பழைய வியாபாரிகள் வைத்த பெயராம், காரணம் இல்லாமல் இல்லை. 1920-களின் கடைசியில் சோங் கும்தான் என்ற பனியாறு நகர்ந்து வந்து ஷ்யோக்குக்குக் குறுக்கே அணை மாதிரி உட்கார்ந்துகொண்டது. பின்னால் பல மைல் நீளத்துக்கு ஏரி நின்று, 1929 ஆகஸ்டில் அந்த ஐஸ் அணை உடைந்து, வெள்ளம் எங்கேயோ பாகிஸ்தானில் இருக்கிற அட்டோக் வரைக்கும் சிந்துவில் தெரிந்தது. பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2023 அக்டோபர் 4-ஆம் தேதி சிக்கிமில் தெற்கு லோனக் என்ற பனியாற்று ஏரி உடைந்து, சுங்தாங்கில் டீஸ்டா ஆற்றுக்குக் குறுக்கே நின்ற அணையையே அடித்துக்கொண்டு போனது. அது நடந்து இரண்டரை மாசத்தில் நம்ம ஆற்றில் அந்த டிசம்பர் வெள்ளம். பார்க்கிறவனுக்கு இரண்டும் வெள்ளம்தான், ஆனால் அங்கே ஏரி உடைந்தது, இங்கே வானம் உடைந்தது.

இப்போது உங்கள் பதிலில் இருக்கிற இரண்டாவது தப்பு. பனி இருப்பதால் எப்போதும் நிறைந்தே ஓடும் என்கிறீர்கள். பனியாறு தேயும்போது ஆற்றில் முதலில் தண்ணீர் கூடத்தான் செய்யும். விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிறவன் வீட்டில் முதல் மாசம் சோறு தாராளமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து அவன் பணக்காரன் என்று ஊர் சொன்னால் எப்படி. அப்புறம் ஒரு உச்சத்தைத் தொட்டுவிட்டு வருஷா வருஷம் குறைந்துகொண்டே வரும். எல்லாப் பனியாறும் ஒரே வேகத்தில் தேயவில்லை, சியாச்சின் இருக்கிற காரகோர மலையில் பல பனியாறுகள் மற்ற இமயமலைப் பகுதி அளவுக்குச் சுருங்கவில்லை என்றும் சில முன்னேகூட நகர்ந்திருக்கின்றன என்றும் ஆய்வு செய்கிறவர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஊர் ஜனங்கள் நம்பியிருக்கிற பக்கத்து ஓடைகளுக்கு மேலே இருப்பவை சின்னச் சின்னப் பனியாறுகள். கையிருப்பு கம்மி உள்ளவனுக்குத்தான் முதலில் அடி.

தாமிரபரணிக்குப் பனியும் இல்லை, உறைவதும் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் மலையில் பெய்கிறது, அதில் கார். வடகிழக்குப் பருவத்தில் மலையிலும் கீழேயும் பெய்கிறது, அதில் பிசானம். மழை நின்ற பிறகும் ஆறு ஓடுகிறதே, அது எங்கேயிருந்து? மேலே சோலைக்காடும் புல்வெளியும் நனைந்த சாக்கு மாதிரி பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டவிடுவது. அவர்களுக்குப் பனியாறு என்ன வேலை செய்கிறதோ அதை நமக்கு மலைமேல் இருக்கிற காடு செய்கிறது, மிச்சத்தை 1940-களிலிருந்து பாபநாசம் அணை செய்கிறது. சித்திரை வைகாசியில் சேரன்மகாதேவியில் ஆற்றில் இறங்கிப் பாருங்கள், எத்தனை நாள் பாறைக்கு நடுவே முழங்கால் தண்ணீர். அதையும் சீராக ஓடுகிறது என்றுதான் எழுதுவீர்களா?

ஆகவே மாணவர் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பெரிதாக வேண்டாம். வற்றாத நதி என்றால் வறண்டு போகாதது, ஒரே அளவில் ஓடுவது அல்ல. பனியாற்று நதி கோடை வெயிலில் பெருகிக் குளிர்காலத்தில் ஒடுங்கும். தாமிரபரணி இரண்டு பருவமழையில் பெருகிக் கோடையில் ஒடுங்கும். இவ்வளவு போதும். பேத்தியின் மார்க்கைக் குறைக்கச் சொல்லவில்லை, அதற்கு அவள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

அன்றைக்கு மக்கில் மோந்த தண்ணீரைக் காலையில் ஒரு ரம் பாட்டிலில் ஊற்றி மெழுகு வைத்து அடைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். இன்றும் அலமாரியில் இருக்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது, அடியில் சாம்பல் நிறத்தில் மாவு. லேசாக ஆட்டினால் போதும், திரும்பக் கழனித்தண்ணி, தெளிய மறுபடி நாள் கணக்கில் ஆகும். திருத்தத்தோடு போட ஒரு படம் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள், பஸ் ஏறி உங்கள் ஆபீசுக்கே எடுத்து வருகிறேன். நம்ம ரோட்டில் ஆட்டாமல் கொண்டுவருவதுதான் கஷ்டம், அதனால் சில நாள் முன்னாலேயே வந்து உங்கள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ ஓட்டுநர் ஒருவர்,
சேரன்மகாதேவி.